அப்பாவின் பெட்டியில் 'டிவிஆர் ஏடி': பட்டாளத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்

பிப்ரவரி 8, 2025 – கேள்வி, கருங்கல் பக்கத்திலிருந்து

அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார். 1979இல் பட்டாளத்தில் சேர்ந்து 1996இல் வந்தவர். கட்டிலுக்கு அடியில் கிடந்த கறுப்புத் தகரப் பெட்டியை நேற்றுதான் அம்மா திறக்கவிட்டார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வேலை என்ற இடத்தில் 'டிவிஆர் ஏடி' என்று இருக்கிறது. முதல் பாதி டிரைவர் என்று புரிகிறது, ஊரிலும் எல்லோரும் மிலிட்டரி டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அப்பாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கூடவே ஒரு சின்ன டைரி, பக்கம் பக்கமாக ஐந்து இலக்க எண்கள். சில எண்களுக்கு எதிரில் 'எஸ்ஓஎஸ்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா அழுகிறார்கள். அப்பா ஏதாவது ஆபத்தில் இருந்தாரா? பட்டாளத்து மாமாமார் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பிப்ரவரி 8, இரவு – பதில்

மக்களே, ஏடி என்றால் அனிமல் டிரான்ஸ்போர்ட். உங்கள் அப்பா ஓட்டியது லாரி இல்லை, கோவேறு கழுதை. நானும் அதே ஏடிதான், 1988இல் சேர்ந்து 2010இல் நாயக் ரேங்கில் வந்தேன். எண்கள் துப்பாக்கி எண்களாக இருக்கும். எஸ்ஓஎஸ்ஸுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 9, காலை

சரி, கொஞ்சம் விரிவாக. ராணுவத்தில் சோறு, எண்ணெய், வண்டி எல்லாவற்றையும் பார்ப்பது ஏஎஸ்சி, ஆர்மி சர்வீஸ் கோர். அதில் வண்டி ஓட்டுகிறவன் எம்டி, மெக்கானிக்கல் டிரான்ஸ்போர்ட். ரோடு முடிகிற இடத்தில் எம்டிக்காரன் சரக்கை இறக்கிவைத்துவிட்டு சாயா குடிக்கப் போவான். அதற்கு மேல் மலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவன் ஏடி. தாளில் இரண்டு பேரும் டிரைவர். அவன் ஸ்டியரிங்கைப் பிடிப்பான், நாம் கயிற்றைப் பிடிப்போம், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் சொல்வார். அவன் வண்டி உதைக்காது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

எஸ்ஓஎஸ்: ஸ்ட்ரக் ஆஃப் ஸ்ட்ரெங்த். ஒரு யூனிட்டின் கணக்கிலிருந்து பெயரை அடிப்பது. மாற்றலாகிப் போனாலும் எஸ்ஓஎஸ், பென்ஷனில் போனாலும் எஸ்ஓஎஸ், செத்தாலும் எஸ்ஓஎஸ். புதிதாக வந்து சேர்ந்தால் டிஓஎஸ், டேக்கன் ஆன் ஸ்ட்ரெங்த். கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற எஸ்ஓஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கும் முதல் தடவை என் பெயருக்கு எதிரில் அதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஒன்றுமில்லை, ஜம்மு பக்கம் பூஞ்சுக்கு மாற்றியிருந்தார்கள்.

பிப்ரவரி 9, மத்தியானம்

தக்கலைக்காரர் ஒருவர், மெட்ராஸ் ரெஜிமென்ட், கேலியாகக் கேட்கிறார்: பட்டாளத்துக்குப் போய்க் கழுதை மேய்த்தீர்களா என்று. அண்ணே, உங்களுக்கு 1741இல் குளச்சலில் டச்சுக்காரனை அடித்த பெருமை இருக்கிறது, 9 மெட்ராஸ் பட்டாலியன் திருவிதாங்கூர் படையின் வாரிசு, கடற்கரையில் தூண் இருக்கிறது, எல்லாம் சரி. 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்று நீங்கள் மலை உச்சியில் கத்துவதற்கு வயிற்றில் ரொட்டி இருந்ததே, அது எப்படி அங்கே வந்தது? இனி ஏஎஸ்சி என்றால் ஆட்டா, சூஜி, சாவல் (மாவு, ரவை, அரிசி) என்ற பழைய கேலியையும் சொல்வீர்கள். சொல்லுங்கள், நானே சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் டிரைவர் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

எனக்குப் பயிற்சி கயாவில், ஏஎஸ்சி நார்த் சென்டர் அப்போது அங்கேதான் இருந்தது. கயா என்று கேட்டதும் எங்கள் பாட்டி, யாருக்குப் பிண்டம் வைக்கப் போகிறாய் என்று கேட்டாள். எனக்கு எம்டி கிடைக்கும் என்று நம்பிப் போனேன். ஏடி என்று எழுதினார்கள். ஆன்டி டேங்க் போல இருக்கிறது என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன், ஊருக்கு எழுதிய முதல் இன்லண்டிலும் பீரங்கி வண்டியை அடிக்கிற வேலை என்று எழுதிவிட்டேன். பிறகு ஒரு விடியற்காலை லாயத்தின் முன்னால் வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒரு பிரஷ் கொடுத்தார்கள். 'மாலிஷ்' என்றார் உஸ்தாத், தேய்த்துவிடு என்று. எதிரில் நீளமான காதுகள், எத்தனையோ ஜோடி, எல்லாம் என் பக்கம் திரும்பின.

எழுதிய கடிதத்தைத் திரும்ப வாங்க முடியுமா? அதனால் டிரைவர் என்று சுருக்கிக்கொண்டேன். பொய் இல்லை, தாளில் அப்படித்தானே இருக்கிறது. பெண் பார்க்கப் போனபோதும் அதே டிரைவர்தான். தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற வீடு. மாமனார் "லாரியா, ஜீப்பா?" என்று கேட்டார். "மலைப்பாதையில் ஓடுகிற வண்டி" என்றேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்து அவள் வந்தபோதுதான் குட்டு உடைந்தது. அரைமணி நேரம் சிரித்தாள். அதற்குப் பிறகு சொன்னது: "லீவில் வரும்போதெல்லாம் பெட்டியிலிருந்து ஒரு வாடை வரும், பெட்ரோல் வாடைன்னு நெனச்சேன்."

உங்கள் அப்பா ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். நம் ஊரில் கழுதை என்பது திட்டுகிற வார்த்தை. அவருக்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 10, இரவு

மேலே எழுதியதில் ஒரு வால். பென்ஷன் வந்த பிறகு வேலை தேடினேன். தாளில் டிரைவர் என்று பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் பஸ் ஓட்டக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிட்டேன், சார், காது இருக்கிற வண்டியாக இருந்தால் ஓட்டுவேன் என்று. கடைசியில் நாகர்கோவிலில் ஒரு ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி. ஏடியிலிருந்து ஏடிஎம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸுக்கு ஒரு எழுத்து புரமோஷன்.

பிப்ரவரி 12, விடியற்காலை மூன்றரை

தூக்கம் வரவில்லை. நான் எட்டாம் தேதி எழுதியது தப்பு. துப்பாக்கி எண் என்று சொன்னேனே, யோசிக்காமல் சொல்லிவிட்டேன். துப்பாக்கிக்கு யாரும் எஸ்ஓஎஸ் என்று எழுதமாட்டார்கள். உயிருள்ளதுக்குத்தான் எழுதுவார்கள்.

மக்களே, அவை குளம்பு எண்கள்.

ஒவ்வொரு கோவேறு கழுதைக்கும் ஒரு எண் உண்டு. குளம்பில் சூட்டுக்கோலால் போடுவார்கள். நகம் மாதிரிதான், வலிக்காது. குளம்பு வளர வளர எண் கீழே இறங்கித் தேய்ந்துபோகும், மறுபடி போட வேண்டும். நமக்கு ஆர்மி நம்பர் மாதிரி அதற்கு அது. ரேஷன், லாடம், மருந்து எல்லாக் கணக்கும் அந்த எண்ணில்தான், லீவு மட்டும் கிடையாது. அப்படியென்றால் அந்த டைரியில் இருப்பது உங்கள் அப்பா 17 வருஷத்தில் கையில் பிடித்த கழுதைகளின் பட்டியல். சிவப்பு மை போட்டவை அவரைவிட்டுப் போனவை. டைரியைத் தூர எறிந்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 12, காலை

ஐந்து இலக்கமா என்று சந்தேகப்படுகிறார் ஒருவர். ஆமாம். பெடோங்கி என்று ஒரு கோவேறு கழுதை, ஏஎஸ்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், அதன் குளம்பு எண் 15328. 1965 சண்டையில் பாகிஸ்தான்காரன் கையில் மாட்டிக்கொண்டது. அவர்கள் அதன் முதுகில் மெஷின் கன்னையும் குண்டுப் பெட்டிகளையும் ஏற்றினார்கள். அது அப்படியே எல்லையைத் தாண்டி நம் பக்கம் வந்து நின்றது. சரக்கோடு! மனிதன் செய்திருந்தால் மெடல் கொடுத்திருப்பார்கள்.

பிப்ரவரி 12, சாயங்காலம்

1965 இல்லை, 1971. வேறு ஒரு ஏடிக்காரர் போனில் கூப்பிட்டுத் திட்டினார். 1962இல் பட்டாளத்துக்கு வந்த கழுதை, பிடிபட்டது 1971இல். திருத்திக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15

படம் அனுப்பியதைப் பார்த்தேன். வளைந்த இரும்புக் கொக்கி, மரப்பிடி. அது குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுக்கிறது. என்னிடமும் ஒன்று இருந்தது, தொலைந்துவிட்டது. உங்கள் அம்மா முப்பது வருஷமாக அதை வைத்துப் பானையில் இறுகிப்போன புளியை நோண்டி மீன்குழம்பு வைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

அது சின்னச் சாமான் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். காலைத் தூக்குவது ஒரு வித்தை. முன்னால் போய் நின்றால் கடிக்கும், பின்னால் நின்றால் உதைக்கும். தோளில் கையை வைத்து, கையை எடுக்காமல் காலோடு கீழே வழித்துக்கொண்டே போய், கணுக்காலில் லேசாகக் கிள்ள வேண்டும், அதுவே காலைத் தூக்கி நம் மடியில் தரும். அவசரப்பட்டு ஒரு கல்லை விட்டுவிட்டால் பாதி வழியில் நொண்டும். நொண்டினால் அதன் சுமையை யார் சுமப்பது? மேலே ஒரு போஸ்ட்டில் பத்துப் பேர் மண்ணெண்ணெய்க்குக் காத்திருப்பார்கள்.

சுமை இரண்டு பக்கமும் ஒரே கனம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் சேணம் சரிந்து முதுகு புண்ணாகும். இடது பக்கம் மண்ணெண்ணெய் ஜெர்ரிகேன் என்றால் வலது பக்கமும் அதே. ஒற்றையாக ஒன்று மிஞ்சினால் கல்லை வைத்துக் கட்டுவோம். அப்புறம், இறங்கும்போது காலிப் பெட்டிகள்தான் வரும். 1999இல் கார்கில் பக்கம் சில ராத்திரிகள் காலியாக வரவில்லை.

பிப்ரவரி 16

மலைப்பாதையைப் பற்றிக் கேட்டதால். இரண்டு அடி அகலம், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. கழுதை பாறையோரமாகத்தானே போகும் என்று நினைப்பீர்கள். போகாது. சுமை பாறையில் இடித்துத் தள்ளிவிடும் என்று அதற்குத் தெரியும், அதனால் வெளி விளிம்பில்தான் நடக்கும், ஒரு குளம்பு எப்போதும் காற்றில் தொங்குகிற மாதிரியே இருக்கும். முதல் தடவை நான் கயிற்றை உள்பக்கம் இழுத்தேன். அது நின்றுவிட்டது. காதைப் பின்னால் மடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. பின்னாலிருந்து உஸ்தாத் கத்தினார், "கயிற்றை விடுலே, அதுக்கு உன்னைவிட சர்வீஸ் ஜாஸ்தி!" ('லே' நான் சேர்த்தது. அவர் ஹரியானாக்காரர், வேறு ஒன்று சொன்னார்.)

மலையில் நமக்கு ரம், அதற்கு வெல்லம். திரும்பி வந்தாலும் முதலில் அதற்குத் தண்ணீர், பிறகு தீனி, அதன் பிறகுதான் நமக்கு லங்கர் சமையற்கூடத்தில் ரொட்டி. வரிசை மாறக்கூடாது. தீனிக்கு முன்னால் தண்ணீர், தலைகீழாகச் செய்தால் வயிற்றுவலி வந்து உருளும், ராத்திரி முழுக்க நடத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பிப்ரவரி 17

உங்கள் வீட்டில் பசுவுக்கும் அப்படித்தான் தண்ணீர் காட்டிவிட்டுப் புல் போடச் சொல்வார், மாற்றினால் கத்துவார் என்று எழுதியிருக்கிறீர்கள். ம்.

பிப்ரவரி 20

கேள்விகள் எங்கெங்கோ போகின்றன. சுருக்கமாகச் சொல்கிறேன்.

56 ஏபிஓ ஊர் இல்லை, ஆர்மி போஸ்ட் ஆபீஸ். எங்கே இருக்கிறோம் என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் அந்த ஒரே விலாசம், கிழக்கே போனால் 99 ஏபிஓ. என் அம்மா சாகும்வரை ஐம்பத்தாறு ஏபிஓ என்பது காஷ்மீரில் ஒரு பஸ் ஸ்டாப் என்றே நம்பினாள். எம்ஐ ரூம் என்றால் யூனிட்டின் ஆஸ்பத்திரி அறை, என்ன வியாதி என்றாலும் ஒரே வெள்ளை மாத்திரை கிடைக்கிற இடம். பிபிஇடி என்பது பேட்டில் ஃபிசிக்கல் எஃபிஷியன்ஸி டெஸ்ட், முதுகில் சுமையும் கையில் துப்பாக்கியுமாக ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓடும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன், இப்போது யார் கழுதை என்று.

பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் ஆர்மி நம்பரும் பெயரும் குழித்துறை என்றும் இருக்கிறதே, அது ஸ்டேஷன் பெயர். ஜம்முவிலிருந்து ஹிம்சாகர், வாரம் ஒரு நாள்தான் உண்டு, அதைத் தவறவிட்டால் டெல்லி போய் மாறி மாறி வர வேண்டும். ஹிம்சாகரில் மூன்று ராத்திரி. பாலக்காடு தாண்டியதும் ஏத்தங்காய் சிப்ஸ் வாசனை வரும், அப்போதுதான் லீவு ஆரம்பித்த மாதிரி இருக்கும்.

காரியமான விஷயம் ஒன்று: அம்மாவின் குடும்பப் பென்ஷனுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிற பெயர், பிபிஓவில் (பென்ஷன் உத்தரவில்) இருக்கிற பெயர், ஆதாரில் இருக்கிற பெயர் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஸ்பர்ஷ் என்கிற பென்ஷன் இணையதளத்தில் இழுத்தடிக்கும். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வருஷா வருஷம் வாழ்நாள் சான்றிதழ், மறக்கக்கூடாது.

பிப்ரவரி 22

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். காலை நடையில் இந்தக் கதையெல்லாம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார். கோவேறு கழுதைக்குப் பழைய தமிழில் அத்திரி என்று பெயராம். சிலப்பதிகாரத்தில் கோவலன் புகார்க் கடற்கரைக்குப் போகும்போது ஏறிப் போனதே அத்திரிதானாம். மாதவி வண்டியில், அவன் அத்திரியில்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால் மாமனாரிடம் அத்திரி ஓட்டுகிறேன் என்று சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 25

ஜனவரி 15 ஆர்மி டே பரேட் புனேயில் நடந்ததைப் பேரன் போனில் காட்டினான். நாலு கால் இயந்திரங்கள் வரிசையாக நடந்து போகின்றன. பெயர் மியூல். கழுதை என்று அர்த்தமில்லையாம், மல்டி யூட்டிலிட்டி லெக்டு எக்விப்மென்ட் என்பதன் சுருக்கமாம். ஆக, கடைசியில் கழுதையையே ஒரு சுருக்கெழுத்தாக ஆக்கிவிட்டார்கள். நன்றாகத்தான் நடக்கிறது, படியும் ஏறுகிறது. பாறை பக்கம் போகுமா, விளிம்பில் போகுமா என்று பார்க்க ஆசை. காது இல்லை. கோபமாக இருக்கிறதா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்களோ.

மார்ச் 2

மக்களே, நீங்கள் நேற்று எழுதியதை நாலு தடவை படித்தேன். அப்பா மாதம் ஒரு தடவை பாறசாலைக்குப் போய்க் கேரளா லாட்டரி எடுப்பார், கடைக்காரரிடம் எப்போதும் கடைசி நாலு எண் ஒன்றையே கேட்டுத் தேடி வாங்குவார், அது என்ன கணக்கு என்று அம்மா கேட்டால் சொல்லமாட்டார், டைரியின் முதல் பக்கத்தில், முதல் வரியில் இருக்கிற எண்ணின் கடைசி நாலு இலக்கமும் அதுதான் என்கிறீர்கள். அதற்கு எதிரில் எஸ்ஓஎஸ் இருக்கிறதா? தேதி?

(அந்த எண்ணை இங்கே எழுத வேண்டாம். எழுதினால் நாளைக்கே பாறசாலையில் அந்தச் சீட்டுக்குத் தட்டுப்பாடு வரும், நம் ஆட்களைத் தெரியாதா.)

மார்ச் 3

1984 டிசம்பர். காரணம் எழுதவில்லை. எங்களில் யாரும் எழுதமாட்டோம்.

நானாக இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆனால் எனக்கு முதலில் கொடுத்த கழுதையின் எண் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மனைவியின் போன் நம்பர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணில் எப்போதாவது விழுந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

மார்ச் 4

ஒரே ஒரு தடவை, நூறு ரூபாய். அதற்கு முழுக்க வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தார், வீட்டில் பாயசம் வைப்பார்கள் என்று பார்த்தால் பாதியைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டார், அன்றைக்கு அம்மாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை என்கிறீர்கள்.

அம்மாவிடம் இப்போது விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லும்போது பக்கத்தில் இருங்கள். அப்புறம் அந்தக் கொக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். வேண்டாம். அடுக்களையிலேயே இருக்கட்டும், புளி நோண்ட அவர்களுக்கு வேறு ஒன்று சரிப்படாது.

அடுத்த ஞாயிறு கருங்கல் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். டைரியை ஒரு தடவை காட்டுங்கள். 1988க்குப் பிறகு அவர் பிடித்ததில் ஒன்றாவது என் கைக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 9, இரவு

ஒன்று வந்திருக்கிறது. கடிக்கிற கழுதை. என் இடது தோளில் தழும்பு இருக்கிறது, அம்மாவிடம் காட்டினேன். அப்பாவுக்கும் அதே இடத்தில் இருந்ததாம்.